புளி போட்டுத் துலக்கிய ரிவால்வர்

எதற்காகக் கனடாவுக்கு வந்திருக்கிறீர்கள் என்று மொன்றியல் விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி கேட்டார். "ரிவால்வர் பார்க்க" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இரண்டு விமானங்களில் கண்ணை மூடாமல் வந்தவனிடம் வேறென்ன பதில் வரும்? கீ போர்டில் தட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் விரல்கள் நின்றுவிட்டன. அடுத்த நிமிஷம் நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

அங்கே என் ஜாதகத்தையே ஒப்பிக்க வேண்டியதாயிற்று. நான் மதுரைக்காரன். ஒரு சின்ன அச்சகத்தில் முப்பது வருஷம் கௌபாய் காமிக்ஸுக்குத் தமிழில் வசனம் எழுதியவன். எத்தனை ஆயிரம் முறை 'டுமீல்' என்று எழுதியிருப்பேனோ தெரியாது. ஆனால் நிஜ ரிவால்வர் ஒன்றை ஒருநாளும் தொட்டதில்லை. இந்த ஊரில் இருக்கும் என் வாசகர் ஒருவர் பழங்கால ரிவால்வர்களைச் சேர்க்கிறார். அவற்றைத் தொட்டுப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார், வந்தேன். இதையெல்லாம் என் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

பெட்டியைத் திறந்தார்கள். வேட்டிக்கு நடுவே கறுப்பாக, கனமாக ஒரு பொட்டலம். அதைப் பார்த்ததும் அறையில் இருந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது பழம்புளி. வாசகரின் மனைவி போனில் கேட்ட ஒரே பொருள் அதுதான். கையுறை போட்ட பெரிய உடம்புக்காரர் ஒருவர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். தன் மாமியார் மெக்சிகோக்காரர் என்றும் இதில் மிட்டாய் செய்வார் என்றும் சொன்னார். அந்த முகம் தெரியாத மாமியார் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். என்னை விட்டுவிட்டார்கள்.

வெளியே யூட் காத்திருந்தார். மன்னார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், மொன்றியல் துறைமுகத்தில் கண்டெய்னர் லொறி ஓட்டுகிறார். என் கையைப் பிடித்தவர் கார் வரைக்கும் விடவில்லை. சண்டைக் காலத்தில் ஒரு கோயில் வளவில் அகதியாகக் கிடந்தபோது என் புத்தகம் ஒன்று அவர் கையில் கிடைத்ததாம். முதல் பக்கமும் கிடையாது, கடைசிப் பக்கமும் கிடையாது. அதை மனப்பாடம் ஆகும்வரை படித்திருக்கிறார்.

"அந்தக் கதை என்னெண்டு முடிஞ்சது சேர்? இத்தனை வருசமா யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார்.

எனக்கு அந்தக் கதை சுத்தமாக நினைவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? கதாநாயகன் துப்பாக்கியை ஆற்றில் எறிந்துவிட்டுக் குதிரை மேய்க்கப் போனான் என்று அந்த இடத்திலேயே ஒரு முடிவைச் செய்து கொடுத்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். வழியெல்லாம் செம்மஞ்சள் கூம்புகளை வைத்துச் சாலையை மறித்திருந்தார்கள். மொன்றியலில் குளிர்காலம் போனாலும் இந்தக் கூம்புகள் போகாது என்றார் யூட். மதுரையில் ரோட்டைத் தோண்டினால் கூம்புகூட வைக்க மாட்டார்கள் என்று நான் எங்கள் பெருமையைச் சொன்னேன்.

பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் மூன்றாம் மாடி வீடு. வெளிப்பக்கம் வளைந்து ஏறும் இரும்புப் படி, கீழே மளிகைக் கடை. யூட்டின் மனைவி ரீட்டா ஒரு கார்தரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் செய்கிறார். புளியைக் கையில் வாங்கி முகர்ந்து, "இதுதான் புளி" என்று சொன்னதோடு சரி, அன்று இரவே மீன்குழம்பு வைத்துவிட்டார். புட்டு, அந்தக் குழம்பு, மேலே ஒரு கரண்டி சொதி. மதுரையில் நான் சாப்பிட்டதெல்லாம் மீன்குழம்புதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் முறை வாங்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. ரீட்டா கவனிக்காதவர்போல் இன்னும் இரண்டு துண்டு வைத்தார்.

மறுநாள் யூட் வேலைக்குப் போய்விட்டார். தனியாக ஊர் பார்க்கிறேன் என்று மெட்ரோவில் ஏறினேன். மாற வேண்டிய இடத்தில் சரியாகத்தான் மாறினேன், திசைதான் தப்பு. ஊரைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, ரயில் இதற்கு மேல் போகாது என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள். ஹைட்டியிலிருந்து வந்த நர்ஸம்மா ஒருவர் என் முழியைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர், எனக்காகத் திரும்பவும் ரயிலேறி பார்க் ஸ்டேஷன் வரை வந்து விட்டுவிட்டுப் போனார். பேச்சுவாக்கில் கௌபாய் காமிக்ஸ் பற்றிச் சொன்னேன். அவருடைய அப்பாவும் அதே கதைகளைப் பிரெஞ்சில் படித்தவராம். பேர் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறேன்.

மாலையில் கடைத்தெருவில் நடந்தபடி யூட் தன் வீட்டுச் சட்டத்தைச் சொன்னார். அவரிடம் இருப்பது நான்கு ரிவால்வர். எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தவை, தோட்டாவுக்குப் பதில் வெடிமருந்தையும் குண்டையும் தனித்தனியாகக் கெட்டித்துச் சுடுகிறவை. அந்த ரகத்தை இந்த நாட்டில் பழம்பொருள் என்றே கணக்கு வைக்கிறார்கள். ஆனால் ஒன்றுகூட வீட்டுக்குள் வரக் கூடாது. கீழ்த்தளத்தில் பூட்டிய அறையில்தான் இருக்க வேண்டும். ரீட்டாவின் கட்டளை அது.

காரணம் ரீட்டாவின் தம்பி அன்ரன். ஒரு காலையில் துப்பாக்கியோடு வந்தவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றைக்கும் தெரியாது. ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. அதற்குப் பிறகு துப்பாக்கி என்று இருக்கிற எதையும் ரீட்டா தொட்டதில்லை.

"பிறகு நீங்க ஏன் இதைச் சேர்க்கறீங்க?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நான் பார்த்த துவக்கு எல்லாத்துக்கும் பயந்து ஓடினனான் சேர். ஓடாமல் கையில வச்சுப் பார்க்கக்கூடிய துவக்கு இது மட்டும்தான்" என்றார்.

அன்று ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வரும் நாள். ரீட்டா ஒரு சட்டி நிறைய மிட்டாயோடு வாசலில் நின்றார். பேய், பூனை, எலும்புக்கூடு எல்லாருக்கும் கிடைத்தது. கௌபாய் தொப்பியும் பிளாஸ்டிக் துப்பாக்கியுமாக ஒரு சின்னப் பெண் வந்தாள். ரீட்டா அவளைத் துப்பாக்கியைப் படியில் வைத்துவிட்டு வரச் சொன்னார், பிறகுதான் இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்தார். எனக்கு ஒரே ஆச்சரியம். அமெரிக்க எல்லைப்புற ஊர்களில் இதேதான் சட்டம். சினிமாவில் காட்டுவதுபோல் எல்லாரும் இடுப்பில் சொருகிக்கொண்டு திரியவில்லை. பல ஊர்களில், கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி, நுழையும்போதே துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்த இரவுக்கு மட்டும் எனக்காக ரீட்டா தன் கட்டளையைத் தளர்த்தியிருந்தார். சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, பூட்டிய பெட்டியை யூட் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இருந்த ரிவால்வர் அவருடையதல்ல. துறைமுகத்தில் அவரோடு வேலை செய்து ஓய்வுபெற்ற ரேமோன் என்ற பெரியவருடையது. பிரெஞ்சு தெரியாமல் வந்து நின்ற யூட்டை முதன்முதலில் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டவர் அவர்தான். இந்த நாட்டில் எனக்கு இருக்கிற ஒரே தமையன் என்று யூட் சொன்னார். யாருக்கும் இரவல் கொடுக்காத ரிவால்வரை ரேமோன் எனக்காக, என் பெயருக்காக, கொடுத்தனுப்பியிருந்தார். ஞாயிறன்று திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நீளமான எண்கோணக் குழல். ஆறு குண்டுக்கு இடம். வால்நட் மரக் கைப்பிடி, அதன் முதுகில் பித்தளைப் பட்டை. பித்தளை என்று யூட் சொன்னதால் தெரிந்துகொண்டேன், பார்க்க வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. "சேர், துடைக்கலாம். தேய்க்கக் கூடாது. இந்தத் தோல் போனால் எல்லாம் போச்சு" என்றார். வருஷங்கள் ஏற்றிய நிறத்தைத்தான் தோல் என்றார், அதைக் காப்பதுதான் சேகரிப்பவர்களுக்கு முதல் பாடமாம். கையில் வாங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் எழுதியதைவிட அது மிகவும் கனமாக இருந்தது.

அந்தப் பட்டையில் ஐந்து வெட்டுக் கோடுகள் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வசனகர்த்தா எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு கோடும் ஒரு ஆள், சுட்டுச் சாய்த்ததும் கத்தியால் ஒரு கோடு போடுவான் என்று ஆரம்பித்தேன். மது விடுதியில் கதவுக்கு முதுகைக் காட்டாமல் உட்காருகிறவன், பாதுகாப்புக்காக ஆறு குண்டுக் குழியில் ஒன்றை எப்போதும் காலியாக வைக்கிறவன் என்று அளந்துகொண்டே போனேன். நிஜத்தில் பேர் போன துப்பாக்கிக்காரர்கள் யாரும் இப்படிக் கோடு போட்டதற்கு அநேகமாக ஆதாரமே கிடையாது. பின்னாளில் வியாபாரிகள் விலை ஏற்றுவதற்காக வெட்டிய கோடுகள்தான் அதிகம். அது எனக்குத் தெரியும். மேசையே மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டேன்.

ரீட்டா தட்டுகளை எடுக்க வந்தவர் நின்றார். "அந்த அஞ்சு பேரின்ர பேர் தெரியுமோ சேர்?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"எங்க தாட்டது எண்டும் தெரியாதோ?"

புதைத்த இடமும் தெரியாது என்றேன். அவர் தட்டுகளோடு உள்ளே போய்விட்டார். கதையில் லயித்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. யூட் விடியற்காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். ரீட்டா மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார். காபி போடலாம் என்று சமையலறைக்குள் நுழைந்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய துவாயை விரித்து, அதில் வரிசையாக வைத்திருந்தது: ஒரு பித்தளைச் சிலுவை, இரண்டு மெழுகுதிரித் தண்டு, ரேமோனின் ரிவால்வர். நான்கும் ஒரே மாதிரி மின்னின. ஓரத்தில் கிண்ணத்தில் கரைத்த புளியின் சக்கை.

நம் ஊர்க் கண் அல்லவா, முதலில் 'அடடா, என்ன பளபளப்பு' என்றுதான் தோன்றியது. அடுத்த நொடி, தேய்க்கக் கூடாது என்று யூட் சொன்னது நினைவுக்கு வந்தது. இரும்பில் ஈரம் நிற்கக் கூடாதென்று தேங்காய் எண்ணெய் வேறு பூசியிருந்தார். நான் சுமந்து வந்த புளி. ஏர்போர்ட்டிலேயே பறிமுதல் செய்திருக்கக் கூடாதா?

யூட் வந்து பார்த்தார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் ரீட்டாவும் கோயிலிலிருந்து வந்தார். கணவர் கையில் ரிவால்வரைப் பார்த்து, "வடிவா இருக்குத்தானே?" என்று கேட்டார்.

யூட் அவரையே பார்த்தார். பிறகு, "ஓம், வடிவா இருக்கு" என்றார்.

ரீட்டா உள்ளே போன பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இத்தனை வருசத்தில இண்டைக்குத்தான் சேர் அவ ஒரு துவக்கைக் கையால தொட்டிருக்கிறா. நான் என்னெண்டு ஏசுறது? ரேமோனிட்ட நான்தான் தேய்ச்சனான் எண்டு சொல்லுறன். அவர் என்னைப் பேந்து வீட்டுக்குக் கூப்பிடமாட்டார். பரவாயில்லை." சொன்ன பரவாயில்லை முகத்தில் இல்லை. தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் பழைய நிறம் வருமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். அது கள்ள வேலை சேர் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் மழை. ரேமோன் ரொக்ஸ்பரோவில் இருக்கிறார், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வரிசையாக அடக்கமான வீடுகள் உள்ள தெரு. ரீட்டாவும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். அங்கிருந்து நேரே தமிழ்ப் பூசைக்குப் போக வேண்டுமாம். மடியில் ஒரு பை, அதில் ஆறு நீண்ட மெழுகுதிரிகள்.  வழி நெடுக, யூட் சொல்லப்போகும் பொய்யை நான் மனசுக்குள் நூறு முறை கேட்டுவிட்டேன்.

ரேமோன் நல்ல உயரம், இரண்டு காதிலும் கருவி. எனக்காகப் பட்டாணி சூப் வைத்திருந்தார். நம் பருப்புக் கடைசலில் மிளகாயை மறந்துவிட்ட மாதிரி ருசி, குளிருக்கு இதமாக இருந்தது. என் கையைக் குலுக்கி, ரிவால்வர் பிடித்ததா என்று கேட்டபடியே பெட்டியைத் திறந்தார்.

"தாபர்னாக்" என்றார்.

கோயிலில் நற்கருணை வைக்கும் பேழையின் பெயராம் அது. இந்த ஊரில் கோபம் வந்தால் அதைச் சொல்லித்தான் திட்டுவார்கள் என்று பிறகு தெரிந்தது. யூட் எழுந்து பிரெஞ்சில் ஏதோ ஆரம்பித்தார். ரீட்டா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தானே பேசினார். நான்தான் செய்தேன் என்று சொன்னது எனக்கே புரிந்தது. மீதியை யூட் என் காதருகில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

எதைப் போட்டீர்கள் என்று பெரியவர் கேட்டார். புளி என்றார் ரீட்டா. நூற்றைம்பது வருஷத்தை ஒரு காலையில் கழுவிவிட்டீர்களே, ஏன் என்று கேட்டார். குரல் உயரவில்லை.

ரீட்டா ஒரு சமையல் குறிப்பைச் சொல்கிறவர்போல நிதானமாகச் சொன்னார். இன்றைக்கு ஆத்துமாக்கள் திருநாள். எங்கள் ஊரில் முதல் நாளே சேமக்காலைக்குப் போய், செத்தவர்களின் கல்லறையைக் கழுவி, பித்தளைச் சிலுவையைப் புளி போட்டுத் துலக்கி, மறுநாள் மெழுகுதிரி கொளுத்துவோம். என் தம்பிக்குக் கல்லறை இல்லை. ஒவ்வொரு வருஷமும் துலக்க ஒன்றுமில்லாமல் இருப்பேன். இந்தத் துவக்கில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று சேர் சொன்னார். பேரும் தெரியாதாம், தாட்ட இடமும் தெரியாதாம். அவர்களுக்கும் ஒருவரும் துலக்கியிருக்க மாட்டார்கள். அதனால் துலக்கினேன்.

யூட் பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. மீதியைச் சொல்லி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பையில் ஏன் ஆறு மெழுகுதிரி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ரேமோன் ரிவால்வரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு யூட்டைக் கூப்பிட்டார், என்னையும் கூப்பிட்டார். பித்தளைப் பட்டையின் விளிம்பெல்லாம் யாரோ வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்து மழுங்கிக் கிடந்தது. அந்த ஐந்து கோடுகளின் விளிம்பு மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூராக இருந்தது. உள்ளே அரத்தின் பல் தடம்கூடத் தெரிந்தது. இவ்வளவு நாளும் அழுக்கு அடைத்து அதை மறைத்திருந்தது. துப்பாக்கி கைமாறிக் கைமாறித் தேய்ந்து முடிந்த பிறகு, எவனோ ஒரு வியாபாரி பின்னறையில் உட்கார்ந்து வெட்டியிருக்கிறான் என்றார் ரேமோன். வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் அந்த ஐந்து பேரின் கதையைச் சொல்லியிருக்கிறேனே என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

ரீட்டா என் பக்கம் திரும்பினார். "சேர், அவர் சொல்லுறது உண்மையோ? அப்ப ஒருத்தரும் சாகேல்லையோ?"

இந்த முறை மீதிப் பாதியையும் சொன்னேன். "கடைக்காரங்க விலை ஏத்தறதுக்குப் போடற கோடும்மா அது. கதை நல்லா இருக்கட்டும்னு அன்னைக்குச் சொல்லாம விட்டுட்டேன். யாரும் சாகலை."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. "மாதாவே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். என்ன சொல்கிறார் என்று ரேமோன் கேட்க, யூட் சொன்னார். பெரியவர் ரீட்டாவுக்கு முன்னால் வந்து நின்று, "பெர்சோன், மதாம்" என்றார். ஒருவருமில்லை அம்மா. அதையே இன்னொரு முறையும் சொன்னார்.

பிறகு உள்ளே போய், இழுப்பறைகளைக் குடைந்து, கரியாய்க் கறுத்துப்போன சின்னச் சிலுவை ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அம்மாவுடையதாம். அந்தப் புளிப் பழம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று ரீட்டாவிடம் கேட்டார். நிறைய இருக்கிறது என்று ரீட்டா சொன்னார். அப்படியானால் அடுத்த ஞாயிறு மூவரும், சேர் ஊருக்குப் போயிருந்தால் இருவரும், சிலுவையோடு சாப்பிட வர வேண்டும் என்றார். யூட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டார். ரிவால்வரை ரேமோன் அதன் பளபளப்போடேயே கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் வைத்தார்.

மாலையில் தமிழ்ப் பூசை. கோயில் நிரம்பி வழிந்தது, ஈரக் கோட்டு வாசனையும் மெழுகு வாசனையும். பீடத்துக்குப் பக்கத்தில் மணல் பரப்பிய தட்டில் ஆளாளுக்குத் தங்கள் செத்தவர்களின் பெயரை முணுமுணுத்துக்கொண்டு மெழுகுதிரி நட்டார்கள். ரீட்டா ஒன்றை எடுத்து, அன்ரனுக்கென்று கொளுத்தி, அது நின்று எரியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். வந்த இடத்தில் இவ்வளவையும் பார்க்கக் கிடைத்ததே என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

பையில் இன்னும் ஐந்து இருக்கிறதே என்று நான் காட்டினேன். அவர் பையை மடித்து என் கையில் வைத்தார்.

"கொண்டு போங்கோ சேர். மதுரையில கரண்ட் போகேக்கை கொளுத்துங்கோ. அவை அஞ்சு பேரும் தப்பிட்டினம்தானே."